தெரு இல்லாத வீட்டைப் படமெடுப்பது எப்படி?

கீழே நீலக் கடலும் வெண்மேகமுமாகப் பூமி. மேலே கன்னங்கரிய வெளி. இரண்டுக்கும் நடுவே, பொன்னிறத் தகடுகளை விரித்துக்கொண்டு பன்னாட்டு விண்வெளி நிலையம். நாளிதழிலும் வாட்ஸ்அப்பிலும் எத்தனையோ முறை பார்த்துப் பழகிய படம். அதைக் காட்டும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "உள்ளே ஆள் இருக்கிறார்கள், சரி. வெளியே நின்று இதை எடுத்தது யார்?"

விண்வெளிப் பயணமே பித்தலாட்டம் என்று வாதாடுகிறவர்களுக்கும் இந்தக் கேள்விதான் பிரம்மாஸ்திரம். அவர்களுடைய முடிவு தவறு. ஆனால் கேள்வி மிக நல்ல கேள்வி. பதில் சொல்லப் புகுந்தால், கேமராவைப் பற்றிப் பேசுவதைவிட, விண்வெளியில் ஓர் இடத்தில் 'நிற்பது' என்றால் என்ன என்பதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

நம் வீட்டு முகப்பைப் படமெடுக்க வேண்டுமென்றால் வாசலில் இறங்கி எதிர் வீட்டுத் திண்ணை வரை போவோம். நிலையத்துக்கு எதிர் வீடு கிடையாது, தெருவும் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 மீட்டர். எடை ஏறக்குறைய 420 டன். தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. உள்ளே குடியிருப்பவருக்குத் தன் வீடு முழுசாக எப்படியிருக்கும் என்பது ஆறு மாதமானாலும் கண்ணில் படாது.

துண்டு துண்டாகப் பார்க்க வழிகள் உண்டு. 2010 பிப்ரவரியில் பொருத்தப்பட்ட 'குப்போலா' என்ற ஏழு சன்னல் மாடத்தில் தலையை நீட்டினால் நிலையத்தின் ஒரு பக்கம் தெரியும். 17 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கனடாவின் இயந்திரக் கை, தன் மேல் பொருத்திய கேமராக்களோடு மூலை முடுக்கெல்லாம் போய்ப் பார்க்கும். விண்நடைக்கு வெளியே வருகிறவர்களும் கேமரா கொண்டுவருவார்கள். அது நாம் கடையில் பார்க்கும் நிக்கான் வகைக் கேமராதான். மேலே தடித்த வெள்ளைப் போர்வை ஒன்று சுற்றியிருக்கும். வெயிலில் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, நிழலில் பூஜ்யத்துக்குக் கீழே 150 டிகிரிக்கும் இறங்கும் இடத்தில் அந்தப் போர்வை இல்லாமல் கேமரா வெகுநேரம் பிழைக்காது. ஊதிய கையுறைக்குள் இருக்கும் விரலால் சின்னப் பொத்தானை அழுத்தவும் முடியாது. ஆகவே பிடியையும் விசையையும் பெரிதாக்கிக் கொடுத்திருப்பார்கள். இவ்வளவு செய்தாலும் விண்நடையாளர் நிலையத்தோடு கயிற்றால் கட்டப்பட்டவர். அவரால் பின்னோக்கி நகர்ந்து, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று சட்டகத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியாது.

கணக்குப் போட்டால், சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸில் நிலையம் முழுவதும் அடங்க ஏறக்குறைய 150 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கும் டீக்கடைக்கும் உள்ள தூரம்தான். ஆனால் அந்த 150 மீட்டரில் போய் நிற்பதுதான் பெரும்பாடு.

ஏன் என்பதை 1965 ஜூன் 3ஆம் தேதி ஜேம்ஸ் மெக்டிவிட் பட்டுத் தெரிந்துகொண்டார். அவர் ஓட்டிய ஜெமினி 4 கலத்தைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மேல்நிலைப் பகுதி, வேலை முடிந்து அருகிலேயே மிதந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய்ச் சேர்ந்து பறக்க வேண்டும் என்பது திட்டம். மெக்டிவிட் தேர்ந்த சோதனை விமானி. ராக்கெட்டை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்துபொறிகளை இயக்கினார். நெருங்குவதற்குப் பதில் அது விலகியது. மறுபடியும் உந்தினார், இன்னும் விலகியது. கலத்தின் எரிபொருளில் கிட்டத்தட்டப் பாதி தீர்ந்தபின் முயற்சியைக் கைவிட்டார்கள்.

இலக்கை நோக்கி உந்தினால் நெருங்கலாம் என்ற உள்ளுணர்வு ஆகாயத்தில் சரி, சுற்றுப்பாதையில் தலைகீழாகிவிடுகிறது. முன்னால் போகும் பொருளைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், கலம் கொஞ்சம் உயரமான பாதைக்கு ஏறிவிடும். உயரமான பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம். ஆகவே அது பின்தங்கும். பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். கீழ்ப்பாதையில் முந்தி ஓடி, பிறகு மேலே ஏறிச் சேர வேண்டும். இந்தக் கலையில் 1963லேயே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் சந்திரனில் கால்வைத்த பஸ் ஆல்ட்ரின்தான் அவர். 1965 டிசம்பர் 15ஆம் தேதி ஜெமினி 6, ஜெமினி 7ஐத் தேடிப் பிடித்து ஓரடித் தூரம் வரை நெருங்கியது. பூமியைச் சுற்றும் ஒரு கலத்தை இன்னொரு கலத்திலிருந்து தெளிவாக எடுத்த முதல் படங்கள் அன்றுதான் கிடைத்தன.

இப்போது நம் புகைப்படக்காரரின் கஷ்டத்துக்கு வருவோம். நிலையத்துக்கு நேர் மேலே 100 மீட்டரில் ஒரு பாதையில் அவருடைய கலம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சுற்று முடிவதற்குள் அது 900 மீட்டருக்கும் மேல் பின்தங்கிப் போயிருக்கும். கீழே 100 மீட்டரில் வைத்தால் அதே அளவு முந்திப் போயிருக்கும். பக்கவாட்டில் வைத்தால் விபரீதம். நிலையத்துக்கு இடப்பக்கம் 100 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, உந்துபொறியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இருபத்து மூன்று நிமிடத்தில் கலம் நிலையத்தின் மேலேயே வந்து மோதும். இரண்டும் பூமியின் மையத்தைச் சுற்றும் இரு வெவ்வேறு வட்டங்கள்; ஒரே உயரத்திலுள்ள அத்தகைய எந்த இரு வட்டமும் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் ஒன்றையொன்று வெட்டியே தீரும். உந்தாமல் ஓய்வாக நிற்கத் தோதான இடம் இரண்டே இரண்டு: நிலையம் போகும் அதே பாதையில் அதற்கு நேர் முன்னால், அல்லது நேர் பின்னால்.

எனவே நிலையத்தை ஒரு வலம் வந்து எல்லாப் பக்கமும் படமெடுக்க வேண்டுமென்றால் கலம் விடாமல் சிறு உந்துபொறிகளைச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் வெளியேறும் வாயு, காகிதம் போல் மெல்லிய சூரியத் தகடுகளின் மேல் படக்கூடாது. நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்தில் ஒரு கற்பனைக் கோளம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அனுமதியும் வகுத்த பாதையும் இல்லாமல் எந்தக் கலமும் அதற்குள் நுழையக் கூடாது. ஆகப் படத்தின் விலையில் கேமராவின் பங்கு சொற்பம். பெரும்பங்கு எரிபொருளுக்கும், பல மாதத் திட்டத்துக்கும், பல நாட்டு அதிகாரிகளின் சம்மதத்துக்கும் போகிறது.

இத்தனையையும் ஒரு படத்துக்காகவே யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் வழக்கம் இப்படி அமைந்துவிட்டது: நிலையத்தின் முழுப்படத்தை எடுப்பவர் அங்கிருந்து விடைபெற்றுப் போகிறவர், அல்லது வந்து சேர்கிறவர். அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்) ஓடிய காலத்தில் இது ஒரு சடங்காகவே நடந்தது. ஓடம் பிரிந்ததும், அதுவரை தளபதிக்குத் துணையாக இருந்த விமானியின் கைக்குக் கட்டுப்பாடு வரும். நூற்றைம்பது மீட்டர் அளவில் விலகி அவர் நிலையத்தை வலம் வருவார். மற்றவர்கள் பின்பக்கச் சன்னல்களில் கேமராவும் கையுமாக ஒட்டிக்கொள்வார்கள். இன்றும் நாம் பார்க்கும் படங்களில் பல அப்படி வந்தவை. 2011 ஜூலை 19ஆம் தேதி கடைசி ஓடமான அட்லாண்டிஸ் பிரிந்தபோது நிலையத்தையே 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். வழக்கமான வலத்தில் கண்ணில் படாத பக்கங்களைப் படமெடுக்க அதுதான் வழி.

ஆனால் ஓடத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் நிலையத்தில் இணைந்திருக்கும் ஓடம் இருக்க முடியாது. நிலையத்தின் பெரும்பகுதியைக் கட்டியதே அந்த ஓடங்கள்தான். கட்டியவரும் கட்டடமும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் இல்லாமலே காலம் முடிந்துவிடும்போல் இருந்தது. அதற்கு மூன்றாவது கலம் ஒன்று வேண்டும். 2011 பிப்ரவரியில் டிஸ்கவரி ஓடம் நிலையத்தில் நின்றிருந்தபோது, ரஷ்யாவின் சோயுஸ் கலம் ஒன்றைப் பிரித்துப் படமெடுக்கலாமா என்று நாசா கேட்டுப் பார்த்தது. அந்தச் சோயுஸ் புது ரகத்தின் முதல் கலம். அதன் சோதனைப் பயணத்தில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று முடிவானது. நியாயமான மறுப்புதான்.

மூன்று மாதம் கழித்து வாய்ப்பு மறுபடி வந்தது. 2011 மே 23. எண்டெவர் ஓடம் தன் கடைசிப் பயணத்தில் நிலையத்தோடு இணைந்திருக்கிறது. அதே நாளில் சோயுஸ் டிஎம்ஏ-20 பூமிக்குப் புறப்பட வேண்டும். அதில் ரஷ்யாவின் திமித்ரி கோந்திராத்யெவ், அமெரிக்காவின் கேடி கோல்மன், இத்தாலியின் பாவ்லோ நெஸ்போலி.

சோயுஸ் பிரிவது நம் சினிமாவில் காட்டுவதுபோல் நெருப்பும் முழக்கமுமாக நடப்பதில்லை. கொக்கிகள் திறக்கும், சுருள்வில்கள் மெல்லத் தள்ளும், வினாடிக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் கலம் விலகும். எறும்பைவிடச் சற்று வேகம், அவ்வளவே. இரண்டும் பூமியைப் பொறுத்தவரை வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருக்கின்றன என்பது உள்ளே இருப்பவருக்கு உறைக்காது. அவருக்கு நிலையம் அசையாமல் நிற்கிறது. தாம் மெதுவாக நகர்கிறோம். படம் ஏன் ஆட்டம் காணாமல் கல்வெட்டுப்போல் விழுகிறது என்பதற்கும் இதுவே விடை. ஒப்பு வேகம்தான் கணக்கு.

சுமார் 200 மீட்டர் தள்ளிச் சோயுஸ் நின்றது. இந்த முறை கலம் வலம் வரவில்லை. மாஸ்கோ கட்டுப்பாட்டு மையம் கட்டளை அனுப்ப, நிலையமே திரும்பத் தொடங்கியது. ஓடத்தையும் சேர்த்து 500 டன்னுக்கு மேல் எடை. அது 130 டிகிரி அளவுக்கு மெல்லச் சுழன்று, தன் பக்கவாட்டையும் முதுகையும் நெஸ்போலிக்குக் காட்டியது. அவர் தம் இருக்கையைவிட்டுச் சோயுஸின் முன்பகுதி அறைக்குள் மிதந்து போய், சன்னல் வழியாக விடாமல் சுட்டார். படத்தில் கறுப்பும் வெள்ளையுமாக எண்டெவர். அதற்கு எதிர் முனையில் ஐரோப்பாவின் சரக்குக் கலமான யோஹன்னஸ் கெப்ளர். இடையே ரஷ்யப் பகுதி, அமெரிக்கப் பகுதி, ஜப்பானியப் பகுதி, விரிந்த தகடுகள். அப்போது நிலையத்திலும் ஓடத்திலுமாக ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் காட்சி தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கம். நெஸ்போலி நின்று படமெடுத்த அந்த முன்பகுதி அறை பூமிக்குத் திரும்பாது. இறங்குவதற்கு முன் அது கழற்றிவிடப்பட்டு வளிமண்டலத்தில் எரிந்துபோகும். மூன்று பேர் முழங்கால் மடக்கி உட்காரும் சின்னஞ்சிறு இறங்குகலம் மட்டுமே கஜகஸ்தான் புல்வெளியில் வந்து விழும். படங்கள் பிழைக்க வேண்டுமென்றால் நினைவு அட்டைகளை எடுத்துக்கொண்டு அதற்குள் போய்க் கதவைச் சாத்தியாக வேண்டும். அவை பத்திரமாக வந்து சேர்ந்தன. ஜூன் 7ஆம் தேதி நாசா அவற்றை வெளியிட்டது. பன்னாட்டு நிலையத்தோடு ஓடம் இணைந்திருப்பதை விண்வெளியில் விலகி நின்று முழுதாக எடுத்த படங்கள் அவை மட்டும்தான். இரண்டே மாதத்தில் ஓடங்களின் காலம் முடிந்துபோனதால், இன்னொரு தொகுப்புக்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று. என்னைக் கேட்டால், விண்வெளியில் மனிதர் எடுத்த படங்களில் சந்திரனுக்குப் பின்னாலிருந்து எழும் பூமிக்கு அடுத்த இடம் இவற்றுக்குத்தான்.

மூன்றாவது கலத்திலிருந்து படமெடுக்கும் இந்த வித்தைக்கு முன்னோடி உண்டு. 1995 ஜூலை 4ஆம் தேதி, ரஷ்யாவின் மீர் நிலையத்திலிருந்து அட்லாண்டிஸ் பிரிய வேண்டிய நேரம். மீரில் குடியிருந்த அனதோலி சலவ்யோவும் நிகலாய் புதாரினும் தங்கள் சோயுஸில் ஏறி முன்னதாகவே வெளியே வந்து நின்று, ஓடம் பிரிவதைப் படமெடுத்தார்கள். வீட்டில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் பார்த்து மீரின் கணினி படுத்துவிட்டது. இருவரும் அவசரமாகத் திரும்பிப்போய் இணைய வேண்டியதாயிற்று. படம் எடுக்கப் போனவர்கள் வீட்டைத் தொலைத்த கதையாக முடியாமல் தப்பித்தது. வீட்டில் ஓர் ஆளை விட்டுவைக்காமல் எல்லோரும் வெளியேறுவதில் உள்ள ஆபத்து அன்று எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அதற்கும் முன்னால் ஸ்கைலேப். 1979இல் 'எங்கே வந்து விழுமோ' என்று நம் ஊர்களிலும் பீதி கிளப்பிய அதே நிலையம்தான். 1973 மே 14ஆம் தேதி ஏவப்பட்ட ஒரு நிமிடத்தில் அதன் காப்புறை பிய்ந்துபோய், ஒரு சூரியச் சிறகும் பறிபோகக் காரணமானது. பதினோரு நாள் கழித்துப் போன முதல் குழு, உள்ளே நுழைவதற்கு முன் சுற்றிப் பறந்து சேதத்தைப் பார்த்துத் தரைக்குச் சொன்னது. 1974 பிப்ரவரி 8ஆம் தேதி கடைசிக் குழு விடைபெறும்போது எடுத்த படத்தில், ஒற்றைச் சிறகும் வெயிலுக்கு விரித்த துணியுமாக ஸ்கைலேப் நிற்கும். அடிபட்டதை மறைக்காத அந்தப் படம் இன்றைய பளபளப்பான படங்களைவிட எனக்கு நெருக்கமானது.

கேமரா விஷயம் எளிது, சில தந்திரங்களைத் தவிர. வளிமண்டலம் வடிகட்டாத வெயில், தரையில் விழும் உச்சி வெயிலைவிடப் பலமானது. வெள்ளைக் கலங்கள் கண்ணைப் பறிக்கும், பின்னணியோ மைக்கறுப்பு. கேமராவின் தானியங்கி அளவியை நம்பினால், அது கறுப்பைக் கண்டு ஏமாந்து, அதிக வெளிச்சம் விட்டு நிலையத்தை வெளுத்துப்போக வைக்கும். கையால் அமைக்க வேண்டும்: ஐ.எஸ்.ஓ 200, துளை எஃப் 8 என்றால் ஷட்டர் வேகம் வினாடியில் எண்ணூறில் ஒரு பங்கு போதும். நம் மொட்டை மாடியில் நண்பகலில் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 'படத்தில் நட்சத்திரமே இல்லையே' என்ற சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நட்சத்திரம் பதிய சில வினாடிகள் வேண்டும். எண்ணூறில் ஒரு பங்கு வினாடியில் அவை எப்படி விழும்? அந்த நொடித்துளிக்குள் நிலையமும் கலமும் சேர்ந்தே ஒன்பது மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும் என்பது தனி வேடிக்கை.

வெளிச்சத்துக்கு இன்னொரு மூலம் பூமி. விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பூமி திருப்பி அனுப்புகிறது. மேகக்கூட்டத்துக்கு மேலே போகும்போது நிலையத்தின் அடிப்பக்க நிழல்கள் இளகி, விவரங்கள் தெரியும். பூமியின் இரவுப் பக்கத்துக்குள் நிலையம் நுழைந்துவிட்டால் அரைமணி நேரத்துக்கு மேல் கும்மிருட்டு. ஆகையால் பிரியும் நிமிடத்தை வெயிலைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள். தூசியும் ஈரமும் இல்லாததால் 100 மீட்டர் தள்ளியிருக்கும் திருகாணியும் பக்கத்தில் இருப்பதுபோல் துல்லியமாகப் படும். 'போலிப் படம் மாதிரி இருக்கிறது' என்று பலருக்குத் தோன்றுவது இதனால்தான். தூரத்தைப் புகைமூட்டத்தை வைத்தே அளந்து பழகியவை நம் கண்கள்.

ஓடங்கள் ஓய்ந்தபின் சோயுஸ்தான் கதி. 2018 அக்டோபர் 4ஆம் தேதி ட்ரூ ஃபூஸ்டல், ரிக்கி ஆர்னால்ட், அலெக் அர்த்தேம்யெவ் மூவரும் திரும்பும் வழியில் ஒரு வலம் வந்து எடுத்தவை நிலையத்தின் இருபதாம் ஆண்டுக்கு வெளியாயின. 2021 நவம்பர் 8ஆம் தேதி ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் முதல்முறையாக வலம் வந்தது. கலத்தின் மூக்கிலுள்ள கதவில் வட்டமான சிறு சன்னல் ஒன்று உண்டு. பிரான்சின் தோமா பெஸ்கே அதன் வழியாகச் சுட்டார். அந்தக் கலத்தில் கழிப்பறை பழுதாகி, நால்வரும் உறிஞ்சும் உள்ளாடையோடு திரும்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட பயணத்திலும் பெஸ்கே எடுத்த படங்களில் ஒரு பதற்றமும் தெரியாது. சீனாவின் தியன்கோங் நிலையத்துக்கும் இதே முறைதான். 2023 அக்டோபரின் கடைசி நாட்களில் ஷென்சோ 16 குழு விடைபெறும்போது சுற்றிவந்து எடுத்தது. நிலையம் முழுவடிவில் நிற்கும் முதல் படங்கள் அவை.

இனி, விண்வெளிக்கே போகாமல் எடுப்பவர்கள். தலைக்கு நேர் மேலே வரும்போது நிலையத்தின் தோற்ற அளவு, தொலைநோக்கியில் தெரியும் வியாழனுக்கு ஏறக்குறைய சமம். சொல்லப்போனால் சற்றுப் பெரிது. ஆனால் வியாழன் அசையாது. நிலையம் வினாடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் நகரும். தொலைநோக்கியைக் கையாலோ மோட்டாராலோ திருப்பிப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கில் படம் சுட்டு, காற்றின் நடுக்கம் அடங்கிய ஒன்றிரண்டைப் பொறுக்குவார்கள். சூரியனுக்கோ சந்திரனுக்கோ குறுக்கே நிலையம் கடக்கும் கணத்தைப் பிடிப்பது இன்னொரு வழி. அந்தக் கடப்பு பெரும்பாலும் ஒரு வினாடிகூட நீடிக்காது. அதுவும் சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் நிற்பவருக்குத்தான் தெரியும். பிரான்சின் தியெரி லெகோ இதில் மன்னர். 2006 செப்டம்பர் 17ஆம் தேதி, அட்லாண்டிஸ் பிரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், ஓடமும் நிலையமும் அருகருகே சூரியனைக் கடப்பதை அவர் நார்மண்டியிலிருந்து பிடித்தார்.

2022 மார்ச் 23ஆம் தேதி ஜெர்மனியின் செபாஸ்டியன் வோல்ட்மர் எடுத்ததைப் பார்த்தால் நம்ப முடியாது. இந்திய வம்சாவளியினரான ராஜா சாரியும் ஜெர்மனியின் மத்தியாஸ் மௌரரும் அப்போது விண்நடையில் இருந்தார்கள். தரையிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் இருவரும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். வோல்ட்மர் தொலைநோக்கியை நிறுத்தியிருந்த இடம், மௌரரின் சொந்த ஊரான சாங்க்ட் வெண்டல்.

கேமராவே இல்லாமலும் ஒரு படம் உண்டு. 2008 மார்ச் 13ஆம் தேதி டெர்ராசார்-எக்ஸ் என்ற ஜெர்மன் ராடார் செயற்கைக்கோள், 195 கிலோமீட்டர் தொலைவில் எதிர்ப்பட்ட நிலையத்தை மூன்றே வினாடியில் 'பார்த்தது'. இங்கே ஒப்பு வேகம் மணிக்கு 34,000 கிலோமீட்டருக்கு மேல். கிடைத்த படத்தில் பரப்புகள் இல்லை, ஒளிப்புள்ளிகளின் கூட்டம்தான். தட்டையான தகடுகள் ராடார் அலையை வேறெங்கோ திருப்பிவிடுகின்றன. மூலைகளும் விளிம்புகளும் மட்டுமே வந்த வழியே அனுப்புகின்றன.

இவையெல்லாம் ஆல்பத்துக்காக மட்டும் எடுப்பவை என்று நினைத்தால் தவறு. 2003இல் கொலம்பியா ஓடம் ஏழு உயிர்களோடு சிதைந்தபின், நிலையத்தை நெருங்கும் ஒவ்வொரு ஓடமும் 180 மீட்டருக்குக் கீழே நின்று குட்டிக்கரணம் போட்டு, வெப்பக்காப்பு ஓடுகள் பதித்த தன் வயிற்றைக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. நிலையத்துச் சன்னல்களில் 400, 800 மில்லிமீட்டர் லென்ஸ்களோடு இருவர் காத்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். 2005 ஜூலையில் முதல்முறை அப்படிச் செர்கேய் கிரிகல்யோவும் ஜான் பிலிப்ஸும் எடுத்தார்கள். டிஸ்கவரியின் அடிவயிற்றில் ஓடுகளுக்கு இடையே இருக்க வேண்டிய நிரப்பி இரண்டு இடங்களில் வெளியே துருத்திக்கொண்டிருப்பது படங்களில் தெரிந்தது. ஸ்டீவ் ராபின்சன் இயந்திரக் கையில் தொற்றிக்கொண்டு அடியில் போய் இரண்டையும் வெறுங்கையால் இழுத்தார். கையுறை போட்ட வெறுங்கை. கருவி எதுவும் தேவைப்படவில்லை.

2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 கலத்திலிருந்து குளிர்விப்புத் திரவம் பீய்ச்சியடித்தபோதும் இயந்திரக் கைகளின் கேமராக்கள்தான் ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய துளையைக் காட்டிக்கொடுத்தன. அந்தக் கலத்தில் மூவரும் திரும்புவது ஆபத்து என்று முடிவாகி, ஆளில்லாமல் வேறு கலம் அனுப்பினார்கள். மூவரில் ஒருவரான ஃபிராங்க் ரூபியோ, ஆறு மாதத்துக்கென்று போனவர், 371 நாள் அங்கே இருக்க நேர்ந்தது.

நிலையத்துக்கு இப்போது வயதாகிவிட்டது. 2030 வரை இயக்கி, அதன்பின் பசிபிக் கடலின் ஆளில்லாப் பகுதியில் இறக்குவது என்று நாசா திட்டமிட்டிருக்கிறது. இழுத்துச் செல்லும் கலத்தைக் கட்டும் பொறுப்பை 2024இல் ஸ்பேஸ்எக்ஸுக்குக் கொடுத்தது. அதுவரை நீங்களும் ஒரு படம் எடுக்கலாம். குமரி முதல் சென்னை வரை, யாழ்ப்பாணத்திலும்கூட, விடியலுக்கு முன்போ பொழுது சாய்ந்த பின்போ நிலையம் நம் தலைக்கு மேல் போவதுண்டு. கண்சிமிட்டாமல், விமான விளக்குகள் எதுவும் இல்லாமல், சீராக நகரும் பிரகாசமான புள்ளி அது. உங்கள் ஊருக்கான நேரத்தை நாசா இலவசமாகவே தருகிறது. கைப்பேசியை அசையாமல் ஏதாவதொன்றில் சாய்த்து வைத்து, பத்து இருபது வினாடி ஷட்டரைத் திறந்துவிட்டால் வானத்தில் ஒரு வெள்ளைக்கோடு விழும். சூரியனைக் கடப்பதை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் தொலைநோக்கியின் முன்வாயில் முறையான சூரிய வடிகட்டியைப் பொருத்திய பிறகே அதைச் சூரியன் பக்கம் திருப்புங்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும்.